மணிப்பக்கம்

இன்னும் ஒன்பது நாள்.
பொட்டாசியம் ஏறினால் முதலில் கல்சியம்,
இதயத்தைக் காத்துவிட்டு மற்றதைப் பார்.
டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் பயப்படு.
கண்பாவை குண்டூசி முனையாகி
வாயால் நீர் வடிந்தால்
தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து: அற்றோப்பின்.
புடையன் கடித்ததென்றால்
கண்ணாடிக் குழாயில் இரத்தம், இருபது நிமிடம்,
அசைக்காதே. பிறகு சரித்துப் பார்.

ஆடியபாதம் வீதி அறையில்
மின்விசிறி இழுத்து இழுத்துச் சுத்துது.
சுமையா அதையும் விடவில்லை.
"இர்ரெகுலர்லி இர்ரெகுலர்" என்றாள்
கொப்பியிலிருந்து தலை நிமிராமல்.
சிரித்தோம். சிரித்ததோடு அதையும் பாடமாக்கினோம்.
ஏற்றியல் பிப்ரிலேஷன், காரணம் ஐந்து.
நாலு வந்தது.
ஐந்தாவது எங்கேயோ தேத்தண்ணியோடு போய்விட்டது.

பின்னேரம் வார்ட்டில் ஒரு மைற்றல் ஸ்டெனோசிஸ்.
அப்படித்தான் சொல்லிக்கொண்டோம்:
"எட்டாம் கட்டிலில நல்ல மேர்மர், ஓடி வா."
நல்ல.
எனக்கு முன்னால் ஆறு பேர்.
கயித்தாம்பிள்ளை, பாசையூர், வயது நாற்பத்தைந்து.
நான் வாய் திறக்க முன்னமே
சேட்டுப் பொத்தானைக் கழற்றி
இடப்பக்கம் சரிந்து
மூச்சை வெளியே விட்டுப் பிடித்துக்கொண்டார்.
எத்தனை பற்ச் பழக்கின உடம்பு.

காரணம் கேட்டால் ஒரு சொல் போதும்,
ருமாட்டிக். அரை மார்க்.
முறைக்குக் கேட்டேன்:
சின்னனில மூட்டு வீங்கினதோ?
"பதினொரு வயசு. முழங்கால், பிறகு மணிக்கட்டு.
மாதம் ஒரு ஊசி எண்டவை. மூண்டு போட்டது.
பிறகு பாதை பூட்டு, மருந்து வரேல்லை.
பாதை திறக்கேக்க எனக்கு நோ இல்லை,
தொழிலுக்குப் போயிட்டன்."
கொஞ்சம் இளைத்தார்.
"இது உங்களுக்கு எழுதத் தேவையில்லைப் பிள்ளை.
மற்றப் பிள்ளையள் எழுதேல்லை."

இரவு இரண்டு மணி. அட்டையில் எழுதுகிறேன்.
முதல் ஒலி ஓங்கி.
ஓபனிங் ஸ்னாப்.
தாழ்ந்த உறுமல், இதய நுனியில் மட்டும்.
ஸ்டெதஸ்கோப்பின் மணிப்பக்கம். மெல்ல வை,
அழுத்தினால் கேளாது.
காரணம்: ருமாட்டிக்
என்று எழுதிய பிறகும் வரியில் இடம் கிடந்தது.
மூன்று ஊசி, என்று எழுதினேன்.

சுமையா எட்டிப் பார்த்தாள்.
"மூணு ஊசியா? இது எந்த லெக்சர்ல வந்த?"

மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது.
போன் வெளிச்சத்தில் அடுத்த அட்டையை எடுத்தேன்.
தைரொயிட்.
ஐந்தாவது காரணம் அதுதான்.