பழைய பாக்கி

தோணி மாதா கோயில் கணக்கை
இந்த வருஷம் நீயே பார் என்று
பங்குப் பேரவையில் சொல்லிவிட்டார்கள்.
பகலில் எனக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் பில்.
ராத்திரி எட்டுக்கு மேல்
பூசை அங்கிகள் தொங்கும் அறையில்
ரசகற்பூர வாடையில்
இருநூற்று முப்பது வருஷச் செலவு.

முதல் புத்தகம், புள்ளி வைக்காத தமிழ்.
சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் பன்னிரண்டு வண்டி.
கடுக்காய், வெல்லம், முட்டை.
முட்டை எத்தனை என்ற இடத்தைக்
கரையான் தின்றிருக்கிறது.

எம்டன் சுட்ட ராத்திரி
எண்ணெய்ச் செலவு இல்லை.
பிறகு நாலு நாளும் இல்லை.
ஓரத்தில் யாரோ ‘பயம்’ என்று எழுதி
அடித்திருக்கிறார்.
சுனாமிக்கு மறுநாள்
பால் பவுடர், கோரைப்பாய், பினாயில்.
பினாயிலுக்கு மட்டும் ரசீது இல்லை.

மாதா எப்படி வந்தாள் என்பது
காசிமேட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.
ஐப்பசிப் புயல். உடைந்த கப்பல்.
எஸ்தாக்கி இழுத்த வலையில்
மீனுக்குப் பதிலாக ஒரு முகம்.
அதனால்தான் இன்றும் தேர் வடத்தில்
முதல் கை எஸ்தாக்கி வீட்டுக் கை.

முப்பத்தேழாம் பக்கத்தில் வேறு மாதிரி இருக்கிறது.
கப்பல் சாமான் ஏலத்தில்
மரச் சுரூபம் ஒன்று, மூக்கு சேதம்,
வராகன் பதினொன்று.
பணம் கொடுத்தது கருவாட்டுக்காரி தேசம்மா.
கடனாக.

மூன்று தடவை வாசித்தேன்.
டார்ச் எடுத்துப் போய் மாதாவின் மூக்கைப் பார்த்தேன்.
ஒட்டுப் போட்டதுதான்.

ஞானஸ்நானப் புத்தகத்தில் தேசம்மா இல்லை.
கல்லறைப் புத்தகத்திலும் இல்லை.
வருஷத்துக்கு ஒரு வராகன் வாங்கிக்கொண்டு
ஏழு வருஷம்
மீன்முள் மாதிரி ஒரு கீறல் போட்டிருக்கிறாள்.
அப்புறம் வரவில்லை.
‘பாக்கி ௪’ என்ற ஒற்றை வரி மட்டும்
அடுத்த வருஷத்துக்குப் போகிறது.
அதற்கடுத்த வருஷத்துக்கும்.

வராகன் செல்லாமல் போனபோது
ஒரு நல்ல மனுஷன்
ஒன்றுக்கு மூன்றரை என்று பெருக்கி
ரூபாய் பதினாலு என்று மாற்றி எழுதுகிறார்.
மணி வாங்கியபோது பதினாலு.
தாது வருஷப் பஞ்சத்தில்
வாசலில் கஞ்சித்தொட்டி வைத்தபோதும் பதினாலு.
துறைமுகம் கட்டி, கடல் எங்கள் பக்கம் திரும்பி
மூன்று தெருவைத் தின்றபோதும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் புதுப் புத்தகம்.
அழகான கையெழுத்து, சிவப்பு மையில் கோடு.
அந்த வரி இல்லை.
கொடுத்ததாகவும் இல்லை.

பதினாலு ரூபாய்க்கு இன்று
மீன்பிடித் துறைமுக வாசலில்
டீ வரும், வடை வராது.
வட்டி போட்டால்
கோயிலையே எழுதிக் கொடுக்க வேண்டும்.
போட்டுப் பார்த்தேன். அழித்துவிட்டேன்.

தேர் அன்று
எஸ்தாக்கி வீட்டு ரொசாரியோ
புது வேட்டியில் வந்து வடத்தைத் தொட்டான்.
அவன் கண் நிறைந்திருந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பாலத்து முனையில் கருவாடு விற்கிறவர்கள்
கூடையை ஓரம் தள்ளி எழுந்து நின்றார்கள்.
தேர் போனதும் உட்கார்ந்து
ஈ ஓட்டினார்கள்.

ஆண்டறிக்கையில்
மின்கட்டணத்துக்கும் மைக் செட் வாடகைக்கும் நடுவில்
எழுதினேன்:
தேசம்மா, கருவாடு.
பழைய பாக்கி ரூ. 14. தொடர்கிறது.

பங்குத்தந்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
எங்கே கையெழுத்து என்று கேட்டார்.
காட்டினேன்.