கண்ணாடி ருசி

புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டியில்
ஓட்டுநர் இல்லாத முகப்பில் நின்று
துகிரா கண்ணாடியை நக்குகிறாள்.
இரண்டு வயது, நான்கு மாதம்.
மழைத்துளி வெளியே இருக்கிறது என்பதை
அவள் நாக்கு ஒப்புக்கொள்வதில்லை.

"சீ" சொல்லிப் பார்த்தாயிற்று.
கிருமிப் படம் காட்டினேன்,
பச்சையாய், பல்லோடு.
அதற்கு முத்தம் கொடுத்தாள்.
ஈரத்தாளால் நான் துடைக்கத் துடைக்க
துடைத்த இடமாகப் பார்த்து நக்கினாள்.
எதிர் இருக்கை ஆன்ட்டி "ஐயோ" என்றார்;
எந்த மொழி ஐயோ, தெரியவில்லை.

ஃபஜார் தாண்டியதும் அலுத்துப்போய்
நானே வாயைத் திறந்து
கண்ணாடியில் "ஹா" என்று ஊதினேன்,
படாமல், இரண்டு விரற்கடை தள்ளி.
ஆவி படிந்த வட்டத்தில்
ஒரு பூனை வரைந்தேன். காது சரியாக வரவில்லை.
அவளும் ஊதினாள்.
நாக்கு உள்ளேயே இருந்தது.

அந்நேரம் பார்த்து
அடுக்குமாடி ஜன்னல்களை நெருங்கிய ரயில்
வழக்கம்போல் தன் பக்கக் கண்ணாடிகளை
மொத்தமாய் மங்கலாக்கியது.
"நானு!" என்று கத்தினாள்.

ஆமாம், நீதான் என்றேன்.

மூன்று வாரமாய் நக்குவதில்லை.
ஊதுகிறாள், வரைகிறாள்,
வரைந்து முடித்த விரலை
வாயில் வைத்துக்கொள்கிறாள்.