ஆர். கால்ட்வாசர்

ஜிப்மரில், பதினோராம் ஜன்னலில்
"ஆர். கால்ட்வாசர்" என்று கூப்பிட்டார்கள்.
பிழையில்லாமல். அதுவே அதிசயம்.
கடலூர் ஓ.டி. வாக்காளர் பட்டியலில் நான்
கால் டுவாசர்.
சிலிண்டர்காரருக்குக் கல்வாசல் அம்மா.
பத்தாம் வகுப்புச் சான்றிதழில் விட்டுப்போன ஓர் எழுத்துக்காக
மூன்று தடவை சென்னை போயிருக்கிறேன்.

எழுந்தேன்.
முன்வரிசையில் ஒருவர் ஏற்கெனவே எழுந்திருந்தார்,
கோடு போட்ட சட்டை,
இருமலை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு.

"நான்தான்" என்றேன்.
"நான்தாங்க" என்றார்.

ஐம்பத்திரண்டு வருஷமாக
இந்தப் பெயர் எங்கள் ஆறு பேரோடு தீர்ந்தது என்றிருந்தேன்.

ரொசாரியோ, நெல்லித்தோப்பு. மில்லில் ஃபிட்டராக இருந்தவர்.
பிரெஞ்சுச் சீருடையில் வந்திறங்கிய
ஜெர்மன் சிப்பாய் ஒருவன் என்பது அவர்கள் வீட்டுக் கதை.
பஞ்சத்தில் வந்த பையனுக்கு என்ன பெயர் போடுவது என்று தெரியாமல்
பள்ளிப் பதிவேட்டில் பாதிரியார்
தன் பெயரையே எழுதிவிட்டார் என்பது எங்களுடையது.
இரண்டுக்கும் சாட்சி கிடையாது.
அவருக்குப் பூசை, எனக்கு ஆராதனை.
அவர் கறுப்பு, நான் அவரைவிட ஒரு பிடி கூட.

"அர்த்தம் என்னன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"
"பச்சைத் தண்ணி."
அவர் சிரித்தார். ரத்தம் எடுக்கணும்னு
காலையிலிருந்து அதுகூடப் பல்லில் படலைங்க, என்று
சொல்லிச் சொல்லிச் சிரித்து
சிரிப்பு இருமலாகி
தூணைப் பிடித்துக்கொண்டார்.

தவளக்குப்பம் தாண்டி, பஸ் ஜன்னல் வெயிலில்
எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்தேன்.
இடது பக்கம், கீழே,
தோசைக்கல்லில் சிந்திய மாவு போல் ஒரு வெள்ளை.
கிருமாம்பாக்கம் வரை
அது என்னுடையதாக இருந்தது.
பீரோ சாவி யாரிடம், சீட்டுப் பணம் எவ்வளவு பாக்கி
எல்லாம் யோசித்து முடித்திருந்தேன்.

அப்புறம்தான் மூலையில் பார்த்தேன்:
ஆண், 58.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று
வாய்விட்டே சொல்லிவிட்டேன்.
பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

இந்நேரம் நெல்லித்தோப்பில்
ட்யூப்லைட்டுக்கு நேராக என் நெஞ்சைப் பிடித்து
ஒண்ணுமில்லை பாரு, ஒண்ணுமில்லை என்று
யாருக்கோ காட்டிக்கொண்டிருப்பார்.
போன் நம்பர் வாங்கவில்லை.
பெயர் போதும் என்று தோன்றியிருந்தது.

கன்னியக்கோவிலில் இறங்கினேன்.
எதிர்ப்பக்கம் போக வேண்டும், லாரிகள் விடவில்லை.
தொண்டை வறண்டது. பெட்டிக்கடையில்
தண்ணி பாட்டில் கேட்டேன்.

"கூலிங்கா, சாதாவாக்கா?"

படம் வளையாமல் மார்போடு பிடித்தபடி
பதில் சொல்லாமல் நின்றேன்.
புதுச்சேரி பஸ்
தூரத்தில் ஹாரன் அடித்தது.