ஈர்

டெரன்ஸ் பணம் தரவில்லை.
மேல் வரிசை முழு செட்டுக்குப் பதிலாக
போர்வையில் சுற்றிய ஒன்றை
ஏற்காட்டு பஸ்ஸில் மடியில் கிடத்தி
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து
பிளாஸ்டர் தூசி படிந்த என் மேஜைமேல் வைத்தார்.
கப்பலில் சமைத்த காலத்தில்
ஷியாமென் துறைமுகத்தில் வாங்கியதாம்.
வாங்கியதோடு சரி.
எர்ஹு என்றார், பல்லில்லாத வாயால்.
எருது என்று ரசீதில் எழுதிக்கொண்டேன்.

எர் என்றால் அவர்களுக்கு இரண்டு.
நமக்கும் ஈர் என்றால் இரண்டுதான்.
இழுத்தாலும் ஈர்ப்பு,
ரம்பம் மரத்தை அறுத்தாலும் ஈர்தல்.
இரண்டு கம்பி, இழுக்கிறேன்,
யார் வீட்டில் தச்சு வேலை என்று
மாடிப்படியில் நின்று கேட்கிறாள் முனீரா.
மிச்சமிருந்தது பேன் பொரிக்கும் ஈர்.
வில்லில் இருப்பது குதிரைவால் மயிர் என்று தெரிந்ததும்
அதையும் டியூப்லைட்டுக்குக் கீழே பிரித்துப் பார்த்தேன்.
இல்லை.

வீணையில் கம்பியைச் சுமக்கும் துண்டுக்கு
நம் ஆட்கள் குதிரை என்று பேர் வைத்தார்கள்.
ஆக,
மலைப்பாம்புத் தோல்மேல் ஒரு குதிரை,
அதன் முதுகில் இரண்டு கம்பி,
கம்பிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட
வேறொரு குதிரையின் வால்.
உருவி எடுக்க முடியாது. கட்டமைப்பே அப்படி.

வந்த குதிரை உடைந்திருந்தது.
மூன்று பல்லுக்கு ஒரு பிரிட்ஜ் கட்டுகிறவள்
இரண்டு கம்பிக்கு ஒன்று கட்ட மாட்டேனா.
கையில் இருந்தது ஈறு நிற அக்ரிலிக்,
செதுக்கினேன்.
இப்போது பாம்பின்மேல் நிற்பது
இளஞ்சிவப்புக் குதிரை.

அழகாபுரத்தில் லேப் பூட்டியபின்
போனில் ஒரு சீனப் பெண் சொல்லித் தருகிறாள்.
பேச்சு விளங்காது. மணிக்கட்டைப் பார்ப்பேன்.
விரலுக்கு அடியில் பலகை கிடையாது,
கம்பியை வெறும் காற்றில் அழுத்த வேண்டும்.
ரி எங்கே, க எங்கே,
யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை.
மேலே பனியில் தொய்ந்து கிடந்த தோல்
சேலத்து வெயிலுக்கு விறைத்துக்கொண்டது.
மதியம் சேர்த்த சுருதி
ராத்திரிக்குள் எங்கோ போய்விடும்.
இருந்தும் ஐந்து மாதத்தில்
ஒரு ச நிலைத்தது.
கண்ணை மூடினாலும் நின்றது.
சந்தோஷத்தில் அன்றைக்கு ஒரு கடைவாய்ப் பல்லை
இடம் மாற்றி ஒட்டிவிட்டேன்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை.
மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் இல்லை.
வேலை ஓடாது, எடுத்து மடியில் வைத்தேன்.
இழுத்தேன்.
என் ச தனியாக நின்றது,
நடுரோட்டில் வேட்டி அவிழ்ந்தவன் மாதிரி.

மெல்ல விளங்கியது.
இத்தனை நாளும் நான் சேர்ந்துகொண்டது
மேஜைக்கடியில் உறுமும் கம்ப்ரசரோடு.
அதற்கு நான் சிஷ்யை. அதற்குத் தெரியாது.

என்ன செய்ய.
முறுக்காணியைத் தளர்த்தினேன், இறுக்கினேன்,
எதனோடு சேர்ப்பது என்று தெரியாமல்
இழுத்துக்கொண்டே இருந்தேன்.

கதவில் முனீரா.
மடியில் முறம், பாதி உரித்த பூண்டு.
"யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு.
என்னையான்னு பாக்க வந்தேன்."
இல்லை என்றேன்.
போகவில்லை அவள். நிலைப்படியில் உட்கார்ந்து
மீதியை உரித்தாள்.

பதினோரு சதவீத சார்ஜில் போன் அடித்தது. டெரன்ஸ்.
பேசுதா அது?
இன்னும் பல் முளைக்கவில்லை என்றேன்.
உங்கள் பல்?
"கொய்யாக்கா கடிக்குது. எல்லாம் சரி.
சேலம்னு சொன்னாத்தான்
விசிலடிக்குதும்மா."

ஒரு நாள் இறங்கி வாருங்கள், ராவித் தருகிறேன்
என்று சொல்ல வாயெடுத்தவள்
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.
முறுக்காணியில் ஒரு கை.

எங்கே,
இன்னொரு தடவை
சேலம் சொல்லுங்கள்.