பதினேழாவது கேள்வி

ஒரு கேள்விக்கு மூன்று வெள்ளி.
விடைகள் நான்கும் அதிலேயே அடக்கம்:
ஒன்று சரி, இரண்டு சரிபோல,
ஒன்று சும்மா இடத்தை நிரப்ப.

மின்னடுப்பு இணைப்பு, இருபது கேள்வி,
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார்
ஜெலுத்தோங் பயிற்சி நிலையத்து சுல்ஹெல்மி.
மலாயில் அவர் எழுதியாயிற்று.
தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கு
என்னுடையது.

ஆயர் ஈத்தாமில் பதினான்காம் மாடி.
எங்கள் வீட்டில் எரிவது கேஸ்.
அதன் பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு
இல்லாத ஓர் அடுப்புக்கு
ஆறு சதுர மில்லிமீட்டர் கேபிள் இழுத்தேன்.

முதல் நாள் எழுதியவற்றில் ஒன்று:
‘கீழ்க்கண்டவற்றுள் பொருந்தாதது அல்லாதது எது?’
மறுநாள் பசியாறும்போது படித்தேன்.
எனக்கே விடை தெரியவில்லை.

எட்டாவதில் 7200 வாட், 240 வோல்ட்.
முப்பது ஆம்பியர்.
முதல் பத்தை முழுதாக எடு,
மிச்சத்தில் முப்பது சதவீதம்.
பதினாறு என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.
அடுப்புச் சுவிட்சுப் பலகையிலேயே
இன்னொரு பிளக் செருக இடம் உண்டா இல்லையா,
நான் சொல்லவில்லை.
உண்டென்றால் இன்னும் ஐந்து.
சொல்லாமல் விட்ட இடத்தில்
யாருடைய கெட்டிலோ கொதித்துக்கொண்டிருந்தது.

பதினேழை மட்டும் நான் சந்தேகிக்கவே இல்லை.
‘நிலக் கம்பியை எங்கே பூட்டுவாய்?’
இதற்கு மேல் எளிதாக யார் கேட்க முடியும்?
தட்டச்சில் விரல் நழுவி
குறில் நெடிலானது.
மேல்விலங்கின் முனையில் ஒரு சுழி,
கடுகளவுகூட இல்லை.
நிலம் நீலமாயிற்று.

இருபத்திரண்டு பேர் எழுதினார்கள்.
பத்தொன்பது பேருக்குச் சரி.
இரண்டு பேர் நியூட்ரல் என்று வட்டத்தைக் கறுப்பாக்கியிருந்தார்கள்.
எந்த வட்டத்தையும் தொடாதவள் புனிதமலர்.
பாயான் லெப்பாஸில் ஆலை ஆள்குறைக்கும்வரை
பதினோரு ஆண்டு
உருப்பெருக்கியின் கீழ் ஈயம் பற்றவைத்தவள்.
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்:

‘எந்த நீலம்?
மூன்று ஃபேஸ் வீட்டில் சுவருக்குள் வரும் நீலம்
உயிர்க் கம்பி.
அடுப்போடு வரும் வயரில் நீலம் நியூட்ரல்.
வீட்டைச் சொல்லுங்கள், பூட்டுகிறேன்.’

திருத்தும் இயந்திரத்துக்குப் பென்சில் வரி புரியாது.
என் சுழிக்கு
அவள் வாங்கியது சுழியம்.

சுல்ஹெல்மியை அழைத்தேன்.
ஒரு மதிப்பெண்தானே, தேறிவிட்டாள், விடுங்கள் என்றார்.
விட்டிருப்பேன்.
அவளைப் பற்றிக்கூட அல்ல,
தூங்கவிடாமல் செய்தவர்கள் அந்தப் பத்தொன்பது பேர்.
எத்தனை பேர் கண் பழக்கத்தில் நிலம் என்றே வாசித்தார்கள்?
எத்தனை பேர் நீலம் என்று சரியாக வாசித்து
நிலத்தில் கொண்டுபோய்ப் பூட்டினார்கள்?
தாளில் இருவருக்கும் ஒரே சிவப்புக் குறி.
அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
பாலம் கடந்து பட்டர்வொர்த்துக்கும்
மலையோரத்து அடுக்குமாடிகளுக்கும்
போய்விட்டார்கள்.

புதிய பதினேழு இது:
‘ஒற்றை ஃபேஸ் வீடு.
மெயின் சுவிட்சை அணைத்து,
மின்சாரம் இல்லையெனச் சோதித்தும் பார்த்தாயிற்று.
அடுப்போடு வந்த வயரில்
பச்சையில் மஞ்சள் கோடு ஓடும் கம்பியை
எந்தத் திருகின் கீழ் பூட்டுவீர்கள்?’

நிலமும் இல்லை, நீலமும் இல்லை.
வாசிக்க அழகாக இல்லை,
ஒரே மூச்சில் சொல்லவும் முடியாது.
அதே மூன்று வெள்ளி;
இந்த முறை நான் கேட்கவில்லை.

இருபத்திரண்டு பேருக்கும் அனுப்பினேன்.
‘பார்த்தேன்’ என்று மூன்று பேர்.
ஒருவர் கட்டைவிரல்.
இரவு பத்தரைக்குப் புனிதமலர்:

‘எந்தத் திருகு என்றால்?
பெட்டியில் மொத்தம் எத்தனை?
எதன் பக்கத்தில் எது?’

மகனின் பள்ளிப் பையில்
அளவுகோல் தேடிக்கொண்டிருக்கிறேன்.