புகார் எண் நாற்பத்தொன்று

சங்கிலியை மட்டும் விட்டுப் போயிருந்தார்கள்,
வெட்டிய இடம் பளபளவென்று.
சாட்சிக்கு அதை எடுத்துக்கொண்டு
கையுறைத் தொழிற்சாலை உடுப்போடே
சுங்கை கெலாடி பாலாய்க்கு நடந்தேன்.

மூன்று தோட்டம், இரண்டு தாமான்,
ஒரு ரோந்து வண்டி.
அதுவும் பட்டறையில்.

கார்ப்பரல் ஜம்ரி சங்கிலியை வாங்கி
எடை பார்ப்பதுபோல் ஆட்டினார்.
“விளக்குக் கம்பத்து ஒயரும் போச்சு, தெரியுமா?”
தெரியும். எங்கள் வரிசை
தீபாவளியிலிருந்தே இருட்டு.

“காவல் குழு இல்லையா உங்க தாமானில்?”
இருக்கிறது. விசில் பன்னிரண்டு வாங்கினோம்.
ஊதத்தான் ஆளில்லை.
கதிரேசன் செம்பனை லாரியில்,
தவமலர் என்னோடு நைட் ஷிப்டில்,
செயலாளர் பொன்னுத்துரை போன மாதமே
சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

கணினியில் ஏழாம் எண் விழவில்லை.
அழுத்தி அழுத்திப் பதிந்தார்
என் எஞ்சின் எண்ணை.
கடன் இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது என்றேன்.
அதற்குப் படிவத்தில் இடமில்லை.

காகிதம் வந்தது.
நாற்பத்தொன்று.
நாற்பது யாருடையது என்று
சும்மாதான் கேட்டேன்.

மேசைக்கடியில் கைவிட்டு
ஒரு ஹெல்மெட்டை எடுத்து வைத்தார்.
“முந்தாநாள். இதோ, பாலாய்க்குப் பின்னாலேயே.”

சிரித்திருக்கக் கூடாது.
சிரித்துவிட்டேன்.
கொஞ்சம் கழித்து அவரும்.

அவருக்கும் பணி முடிந்திருந்தது.
ஒன்பதரை பஸ்ஸுக்கு நின்றோம்,
அவர் கையில் ஹெல்மெட்
என் கையில் சங்கிலி.

எஸ்டேட் சாலையிலிருந்து
சிவப்பு மோட்டார் ஒன்று புழுதியோடு ஏறி வந்தது.
இரண்டு பேரும் குனிந்து
எண் பலகையைப் பார்த்தோம்.