மாற்றுரை

தம்பெரேயில் நவம்பர்.
மூன்றரைக்கே இருட்டிவிட்டது. பாலத்தின் மேல்
டிராமின் சிவப்பு மட்டும் நகர்கிறது.
ஏழு பேர் சேர்ந்து இணையத்தில் எழுதும் புத்தகம்,
ஐந்தாம் அத்தியாயம் என் பங்கு:
படத்தைப் பார்க்காதவருக்கு
படத்தை எப்படிச் சொல்வது.

சுலபம் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.
பதினோரு பக்கம் அனுப்பினேன்.
ஓலுவிலிருந்து சொயிந்து திருப்பியபோது ஐந்தரை மீதி.
ஓரத்தில் அவள் குறிப்பு:
‘படத்தில் காணப்படுவது’ என்று ஆரம்பிக்காதே.
படம் என்பது அவருக்கு முன்பே தெரியும்.
நேரே ஆளைச் சொல்.
வாசாவில் தோர்வால்ட்
சாம்பல் தாளில் சாம்பல் எழுத்து வைத்த வடிவமைப்பாளரோடு
நாலரைக்கு ஒன்று, நாலரைக்கு ஒன்று என்று
இரண்டு வாரமாக மல்லுக்கு நின்றான்.

சோதித்துப் பார்ப்பவர் வெய்யோ.
பகலில் குடிநீர் அலுவலகத்தில்
உடைந்த குழாய்களைத் தொலைபேசியில் கேட்பவர்.
அவருடைய திரைவாசிப்பான் கடுகு பொரிகிற வேகத்தில் படிக்கும்;
எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.
அவர் காப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்பார்.

அன்று கரண்டி நின்றது.
வேகத்தைக் குறைத்து எனக்காக மறுபடி ஓடவிட்டார்:
டி எஸ் சி சுழியம் நான்கு ஏழு ஒன்று
புள்ளி ஜே பி ஜி.
மாற்றுரை பற்றிய அத்தியாயத்தின் உச்சியில்
மாற்றுரை இல்லாத என் படம்.
அவர் சிரித்த சிரிப்பில் காப்பி சிந்தியது.

“அலங்காரமா?” என்றார்.
“அப்படியானால் காலியாக விடு.
இரண்டு மேற்கோள் குறி, நடுவே ஒன்றுமில்லை.
அதைக் கண்டால் இது பேசாமல் தாண்டிப் போகும்.
நீ மறந்த இடத்தில்தான் இப்படி எண் ஒப்பிக்கிறது.”
தெரியும். மூன்றாம் பக்கத்தில் நானே எழுதியது.
அலங்காரம்தான் என்றேன்,
கொஞ்சம் அவசரமாக.

வீட்டில் படத்தைத் திறந்தேன்.
பிப்ரவரி, நேசியார்வி ஏரி, முழங்கால் கனத்துக்குப் பனிக்கட்டி.
சக்கரத்துக்குப் பதில் இரும்புச் சட்டம் வைத்த நாற்காலியை
ஒருவன் தள்ளிக்கொண்டு போகிறான்.
அப்பாவின் கோடைக் குடிலை விற்ற வருஷம்.
யாருக்கு எது என்பதில் சொல் தடித்து
அவன் அடுப்புக் கதவை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டான்.
நான் கரையில் நின்று படம் எடுத்தேன்.
ஏன் எடுத்தேன்?

‘பனிமேல் ஒருவர்.’ பொய் இல்லை; போதவும் இல்லை.
‘உறைந்த ஏரியில், பழுப்புக் கோட்டு அணிந்த, குனிந்த…’
சொயிந்து வெட்டிவிடுவாள்.
‘முதுகைக் காட்டிப் போகிறான்.’
கருத்து கூடாது, கண்டதை மட்டும் எழுது:
நாலாம் பக்கம், அதுவும் என் விதி.
முதுகு காட்டுவது காட்சியா, புகாரா?
‘தம்பி’ என்று போட்டேன். எடுத்தேன்.
போட்டேன்.

‘என் தம்பி இல்போ, ஏரிப் பனியில் சறுக்கு நாற்காலி தள்ளுகிறான்;
இருக்கையில் ஓர் அடுப்புக் கதவு.’

தோர்வால்ட் கேட்டான்: தேவையா?
சொயிந்து ஒரு காற்புள்ளியை மாற்றிவிட்டுச் சேர்த்துக்கொண்டாள்.
வெய்யோ சாதாரண வேகத்தில் கேட்டார்.
“அடுப்புக் கதவா?”
“ஆமாம்.”
“கனமா?”
“பன்னிரண்டு கிலோ இருக்கும்.”
ம் என்றார். அடுத்த அட்டவணைக்குப் போனார்,
அங்கே தலைப்பு வரிசை தவறாம்.

ஏப்ரலில் புத்தகம் வெளிவருகிறது.
படம் தெரிகிறவர்களுக்கு அந்த வரி தெரியாது.
அப்படித்தான் அமைத்திருக்கிறோம்.
இல்போ எப்போதாவது திறந்தால்
பனியைப் பார்ப்பான், தன் முதுகைப் பார்ப்பான்.

ஆனால் அவன் இப்போது இருப்பது வடக்கே, இனாரியில்.
அங்கே இணைப்பு மந்தம் என்கிறார்கள்.
படம் வந்து சேரும்வரை
அதன் இடத்தில், கட்டத்துக்குள்,
சில வினாடி
எழுத்து நிற்கும்.